மற்ற ஐந்து பேர்

“ஒரு சொல்லுக்கு ஆறு பொருள் இருந்தால் எதை எடுக்கிறது, டீச்சர்?”

“மற்ற அஞ்சையும் எங்கை விடப் போறியள்?”

குணரத்தினம் சிரித்தார். பவளராணி டீச்சர் சிரிக்கவில்லை.

*

அது நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன்பிடி ஊர். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் திரும்பும். இடையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் தெருவிளக்கு எரியும்.

ஊரில் தமிழர் அறுபது பேர். எல்லோருக்கும் மீன் ஆலையில் வேலை. எல்லோருக்கும் அரசாங்கத்தில் ஒரு கோப்பு. கோப்புக்குள் ஆங்கிலக் கடதாசிகள். அவற்றை நோர்வேயின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறவள் டீச்சர்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. காலையில் மீன் வெட்டுவாள். வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறையில் மொழிபெயர்ப்பாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவள் அல்ல. அது ஊர் வைத்த பேர்.

குணரத்தினத்துக்கு ஐம்பத்தாறு. பிறந்த ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோர்வே மொழியை மூன்று வருடத்தில் தானாகவே படித்தார். பிறகு ஒரு நாள் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

“உங்களிட்டைத் தொழில் பழக வந்திருக்கிறன்.”

“அண்ணை, எனக்கு மீன் வெட்டத்தான் பழக்கத் தெரியும்.”

“அதையும் பழகிறன்.”

அப்படிச் சேர்ந்தார்.

*

அவர் முதலில் மொழிபெயர்த்தது ஓர் எச்சரிக்கைப் பலகை.

ஆலைக்கு ஒரு புதிய இயந்திரம் வந்திருந்தது. கூட வந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ‘ஸ்பிரிங்’ என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் இரும்புச் சுருளுக்கும் அதுதான் பேர், வசந்தத்துக்கும் அதுதான், ஊற்றுக்கும் அதுதான். நோர்வேக்காரரிடம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. குணரத்தினம் அகராதியில் முதலில் கண்டதை எடுத்தார்.

‘வசந்தம் உடைந்தால் இயந்திரத்தை உடனே நிறுத்தவும்.’

மேற்பார்வையாளன் ஓட்வார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இந்த ஊரில் அது எப்போதும் உடைந்துதான் கிடக்கிறது,” என்றான்.

வேடிக்கைக்காகப் பலகையை அப்படியே விட்டார்கள்.

அந்த வருடம் ஜூன் பிறந்தும் பனி உருகவில்லை. பறவைகள் வரவில்லை. ஆட்கள் ஆலைக்குள் நுழையும்போது பலகையைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் ஓட்வார் ஏணியோடு வந்தான். பேசாமல் அதைக் கழற்றிக்கொண்டு போனான். மறுநாள் மழை பெய்தது.

“தற்செயல்,” என்றார் குணரத்தினம்.

“ஓம்,” என்றாள் டீச்சர். “கத்தியைத் தீட்டுங்கோ.”

*

இந்தத் தடவை ஆறு பொருளோடு அவர் கையில் இருந்தது யோகமலரின் வாக்குமூலம்.

யோகமலர் ஆலை விடுதியின் இரண்டாம் மாடியில் ஆறு வயது மகளோடு இருந்தாள். புருஷன் அமிர்தராசா கூட இல்லை. இரண்டரை வருடத்துக்கு முன் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அவள் தமிழில் சொன்னதை, அங்கே இருந்த ஒருவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அது இப்போது நோர்வே மொழியில் வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். தாயும் மகளும் இங்கே இருப்பதா, திருப்பி அனுப்பப்படுவதா என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இரண்டு பக்கம். ஒரு சொல்லைத் தவிர எல்லாம் லேசாகப் போனது.

‘என் கணவர் லொஸ்ட்’ என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள் யாரும் வந்து இருக்கலாம். நோர்வே மொழியில் அப்படி முடியாது. செத்தவனுக்கு ஒரு சொல். தேடப்படுகிறவனுக்கு வேறு சொல். வழி தவறியவன், தோற்றவன், யாரோ கைதவற விட்டவன், கடவுளும் கைவிட்டவன், எல்லோருக்கும் வேறு வேறு.

குணரத்தினம் வக்கீலுக்கு டெலிபோன் எடுத்தார்.

“இறந்தவர் என்று போடுங்கள்,” என்றார் வக்கீல். “விதவை என்றால் கோப்பு சுலபம். வேறு எதைப் போட்டாலும், ஊருக்குப் போய்த் தேடிப் பார் என்று சொல்லிவிடுவார்கள்.”

குணரத்தினம் ‘ஓம்கொம்மெட்’ என்று எழுதினார். மாண்டுபோனவர்.

யோகமலர் இரண்டு மாடிப் படி தூரத்தில் இருந்தாள். அவர் போய்க் கேட்கவில்லை. கச்சேரியில் மனுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. கடதாசியைத்தான் கேட்பார்கள்.

மை காய்ந்ததும் உறையில் போட்டு ஒட்டினார்.

*

செவ்வாய்க்கிழமை, மத்தியானம். வானம் கறுப்பாக இருந்தது. பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் நின்றான்.

இடுப்பில் கட்டம் போட்ட சாரம். அரைக்கைச் சட்டை. காலில் ஒன்றும் இல்லை. மைனஸ் பதினாலு குளிர்.

“அண்ணை, சந்திக்கு எப்பிடிப் போறது?”

“உதாலை நேரை போய்…” என்று குணரத்தினம் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த ஊரில் சந்தி கிடையாது. ஒரே தெரு. அது கடலில் போய் முடியும்.

திரும்பினார். தரிப்பிடத்தில் யாரும் இல்லை. பனியில் வெறுங்கால் தடம் இருந்தது. வந்த தடம் மட்டும்.

*

புதன்கிழமை ஆலையில், மீன் மேசைக்குக் கீழே ஒருவன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். அதே சாரம்.

“என்ன தம்பி, என்னத்தை விழுத்தினனீர்?”

அவன் நிமிர்ந்தான். விளக்கு அவனுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை.

“நான் விழுத்தேல்லை, அண்ணை. என்னைத்தான் ஆரோ விழுத்திப்போட்டினம்.”

குணரத்தினத்தின் கத்தி தட்டில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரன் பார்த்தான்.

“ஆரோடை கதைக்கிறியள்?”

“ஒருத்தரோடையும் இல்லை.”

*

வியாழக்கிழமை அவர் இறங்குதுறைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார். சுற்றி நடந்தும் அது கண்ணில் பட்டது.

துறையில் ஒருவன் கடலைப் பார்த்து முழந்தாளில் இருந்தான். இரண்டு கையும் பிடரியில் கோர்த்தபடி. அவனுக்குச் சற்றுத் தள்ளி இன்னொருவன் முதுகு காட்டி நின்றான். குணரத்தினம் வலப்பக்கமாகப் போய்ப் பார்த்தார். முதுகு. இடப்பக்கமாகப் போய்ப் பார்த்தார். முதுகு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தேநீர் வார்க்கிற பிள்ளை ஒரு கோப்பையைக் கூடுதலாக வைத்தாள்.

“ஆருக்குப் பிள்ளை?”

அவள் மேசையைப் பார்த்தாள். ஆட்களை எண்ணினாள்.

“தெரியேல்லை, அண்ணை. ஓராள் குறையுது மாதிரி இருந்துது.”

அந்தக் கோப்பையை ஒருவரும் எடுக்கவில்லை. சாப்பாடு முடிந்து எழும்பும்போது அதில் பாதிதான் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டீச்சரிடம் வந்தார். மூன்று இரவு நித்திரை இல்லாத முகம்.

“டீச்சர், நான் ஒருத்தனைக் காணுறன்.”

“எத்தினை பேர்?”

“ஒருத்தன் எண்டு சொல்லுறன்.”

“எத்தினை தரம்?”

அவர் விரலை மடித்தார். பஸ் தரிப்பிடம். மேசைக்குக் கீழே. துறையில் இரண்டு. தேநீர்க் கோப்பை.

“அஞ்சு.”

டீச்சர் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். நகத்துக்குள் இருந்த செதிலையும் எடுத்தாள்.

“யோகமலரின்ரை கடதாசியைக் கொண்டு வாங்கோ.”

கொண்டு வந்தார். அவள் உறையைக் கிழித்தாள். வாசித்தாள்.

“ஆரை உள்ளை எடுத்தனீங்கள்?”

“செத்தவனை. வக்கீல் சொன்னவர்.”

“மற்ற அஞ்சு பேரும் குளிருக்குள்ளை நிக்கினம்.”

குணரத்தினத்துக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம்.

“அப்ப ஆரை எடுக்கட்டும்? சொல்லுங்கோ. தேடப்படுறவனையோ? வழி தவறினவனையோ? இப்பவே மாத்தி எழுதித் தாறன். இன்னும் நாலு மணித்தியாலந்தான் இருக்கு.”

டீச்சர் நோர்வே மொழிக் கடதாசியை மேசையில் குப்புற வைத்தாள். ஆங்கிலக் கடதாசியையும் எடுத்து, அதன் பக்கத்தில் குப்புற வைத்தாள்.

“இப்ப வாசியுங்கோ.”

“என்னத்தை?”

“அந்தப் பிள்ளை சொன்னதை.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கொழும்பிலை இருக்கேல்லையே!”

“நீங்கள் இருக்கேல்லை,” என்றாள் டீச்சர். “அவ இருந்தவ.”

கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

*

யோகமலர் கதவைத் திறந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. கம்பளிச் சட்டைக்கு மேலே தாலிக்கொடி கிடந்தது. குணரத்தினம் அவளைத் தினமும் ஆலையில் காண்கிறவர். தலைக்குத் தொப்பி, உடம்புக்கு வெள்ளை அங்கி. இதையெல்லாம் கண்டதில்லை.

“வாங்கோ, அண்ணை. முடிஞ்சுதோ?”

“இல்லைத் தங்கச்சி. ஒண்டு கேக்க வேணும். கொழும்பிலை, அந்த ஒஃபிசிலை, அவரைப் பற்றி நீர் என்ன சொன்னனீர்?”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ரெண்டரை வருசம். எத்தினை பேர் எழுதிப்போட்டினம். இண்டைக்குத்தான் ஓராள் கேக்கிறியள்.”

“சொல்லும்.”

“காலமை எட்டு மணி இருக்கும். சைக்கிளுக்குப் பின் சில்லிலை காத்து இல்லை. சந்தியிலை காத்தடிச்சுக்கொண்டு, காலமைச் சாப்பாட்டுக்குப் பாணும் வாங்கிக்கொண்டு வரலாம் எண்டு வெளிக்கிட்டவர். நான் அடுப்படியிலை. ‘போட்டு வாறன்’ எண்டார். ‘ஓம்’ எண்டன்.”

“பிறகு?”

“அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான் நடந்ததோ, அவ்வளவுதான் சொன்னனீரோ?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அண்ணை. அதைத்தான் சொன்னனான். போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர் எண்டு சொன்னனான். அந்தப் பெடியன் மளமளவெண்டு எழுதினவன். நல்ல நீளமா எழுதினவன். சரியாத்தான் எழுதியிருப்பான் எண்டு நினைச்சன்.”

குணரத்தினம் கதிரையில் உட்கார்ந்தார்.

“செத்துப்போனார் எண்டு சொன்னனீரோ?”

அவள் கை தாலிக்கொடிக்குப் போனது.

“காணாமல் போனார் எண்டு?”

“வாறன் எண்டு சொன்ன மனுசனை எப்பிடி அண்ணை அப்பிடிச் சொல்லுறது?”

சன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. விளக்கின் கீழே பனி விழுந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. ஓர் ஆள் நிற்கிற அளவு இடம்.

குணரத்தினம் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டார்.

“தங்கச்சி, உள்ளதைச் சொல்லுறன். செத்தவர் எண்டு எழுதினால் நீரும் பிள்ளையும் இஞ்சை இருக்கலாம். வக்கீல் அப்பிடித்தான் சொல்லுறார். நீர் சொன்னபடி எழுதினால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவினம்.”

மகளுடைய சின்னக் கையுறைகள் ஹீட்டரில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் புரட்டிப் போட்டாள்.

“செத்தவர் எண்டு எழுதினாப் பிறகு அவர் வந்தால்?”

“ம்?”

“வந்து, அமிர்தராசாவின்ரை பெண்சாதி எங்கை இருக்கிறா எண்டு இஞ்சத்தை ஒஃபிசிலை கேட்டால்? அவை என்ன சொல்லுவினம்?”

“அமிர்தராசா செத்துப்போனார் எண்டு சொல்லுவினம்.”

“அவருக்கேயோ?”

குணரத்தினம் கதிரையை விட்டு எழுந்தார்.

“நான் சொன்னதை எழுதுங்கோ, அண்ணை.”

*

ஆலைக்கு ஓடினார்.

“டீச்சர், ‘போட்டு வாறன்’ எண்டதுக்கு இவையளிட்டை ஒரு சொல்லும் இல்லையே!”

“இல்லை.”

“அப்ப?”

“நீளமா எழுதுங்கோ.”

உடுப்பு மாற்றும் அறையில் வாங்கில் உட்கார்ந்து எழுதினார். அகராதியைத் திறக்கவில்லை. பின் சில்லில் காற்று இல்லாததை எழுதினார். பாணை எழுதினார். அவள் அடுப்படியில் நின்றதை எழுதினார். இப்போது போகிறேன், திரும்பி வருவேன் என்று அவர் சொன்னதை எழுதினார். அவள் ஓம் என்றதை எழுதினார். அதோடு நிறுத்தினார்.

மறுபடி விடுதி மாடியேறி, முழுவதையும் தமிழில் யோகமலருக்கு வாசித்துக் காட்டினார். அவள் ஓரிடத்தில் கையை உயர்த்தினாள்.

“ரெண்டு றாத்தல் பாண்.”

திருத்தினார். அவள் கையெழுத்து வைத்தாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் பனிக்குள் நடந்தார்கள். யோகமலர் முன்னே போனாள். குணரத்தினம் பின்னே போனார். அவருக்கும் பின்னே ஒருவர் நடக்கிற சத்தம் கேட்டது. சப்பாத்து இல்லாத நடை. ஒருவர்தான். அவர் எண்ணிப் பார்த்தார். ஒருவரேதான்.

திரும்பிப் பார்க்கவில்லை.

*

அலுவலகத்தில் குன்வோர் என்ற பெண் இருந்தாள். அறுபது வயது. அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியை வாசித்தாள்.

முதல் பக்கத்தை வேகமாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் மெதுவானாள். கடைசி வரிகளுக்கு வந்ததும் மறுபடி மேலே போய் வாசித்தாள்.

அவளுக்கு முன்னால் ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு கட்டம். ஒன்று மணமானவர். மற்றது விதவை. பேனை முதல் கட்டத்துக்கு மேலே போனது. இரண்டாம் கட்டத்துக்கு மேலே போனது. இரண்டிலும் தொடவில்லை.

“இவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

“இவ்வளவுதான் இவர் சொன்னது,” என்றார் குணரத்தினம்.

“வக்கீல் வேறு விதமாக அல்லவா எனக்குச் சொல்லியிருந்தார்?”

“வக்கீல் அங்கே இருக்கவில்லை.”

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. வெளியே மீன் ஆலையின் சங்கு ஊதியது. யோகமலர் மடியில் கையைக் கோர்த்தபடி, இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்வோர் கண்ணாடியைக் கழற்றினாள். யோகமலரைப் பார்த்தாள். அவளுடைய நெற்றியைப் பார்த்தாள். பிறகு படிவத்தின் அடியில், முகவரி எழுதுகிற வெற்றிடத்தில் பேனையை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

யோகமலர் குணரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

“என்னவாம், அண்ணை? அனுப்பப் போயினமோ?”

“இல்லைத் தங்கச்சி. அவர் வந்தால் எங்கை வரவேணும் எண்டு கேக்கிறா.”

யோகமலர் குன்வோரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கதவுப் பக்கம் திரும்பினாள். புதிதாக வருகிற ஓர் ஆளுக்கு வழி சொல்வதுபோல, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“பஸ்ஸாலை இறங்கி நேரை வரவேணும். மீன் ஆலைக்குப் பின்னாலை மஞ்சள் கட்டடம். ரெண்டாம் மாடி. இடக்கைப் பக்கம் கடைசிக் கதவு.”

குன்வோரின் பேனை ஓடியது. குணரத்தினத்தின் குரல் அதற்கு முன்னால் ஓடியது.

“தட்டத் தேவையில்லை எண்டும் எழுதச் சொல்லுங்கோ,” என்றாள் யோகமலர். “நான் பூட்டுறேல்லை.”